பொண்ணுக்கு பிரெஞ்சு வாய்ல வரணும்னா ஆகஸ்ட்ல எந்த ஊருக்கு அனுப்பறது?

உங்க கேள்விய ஒரு தடவ நானே சுருக்கி எழுதிக்கறேன், அப்பதான் பதில் நேரா வரும். லண்டன்ல ஹாரோல இருக்கீங்க, பொண்ணுக்கு 16, பதினாறு வயசுல எழுதற ஜிசிஎஸ்இ பரீட்சைய இந்த கோடைல முடிக்கறா, செப்டம்பர்ல அதுக்கு அடுத்த படிப்பான ஏ லெவல்ல பிரெஞ்சு எடுக்கறா. எழுத்துல மார்க் வருது, வாய திறந்தா வரல. ஜூலை கடைசில இருந்து மூணு வாரம் பிரான்ஸ்ல விடலாம்னு இருக்கீங்க. நீஸ், மான்பெலியே, தூர் இந்த மூணுல எதுன்னு கேட்டிருக்கீங்க, இல்லன்னா பாரிஸ் பக்கத்துல லா கூர்நெவ்ல இருக்கற அண்ணன் வீட்லயே விட்டுடலாமான்னும் கேட்டிருக்கீங்க.

நான் பாண்டிச்சேரிக்காரி, கல்யாணம் ஆகி பிரான்ஸ்ல ஆஞ்சேங்கற ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆச்சு. வெளிநாட்டு பிள்ளைங்களுக்கு பிரெஞ்சு சொல்லி குடுக்கறதுதான் வேலை, அதோட எங்க வீட்லயும் கோடைல ஸ்டூடண்ட்ஸ தங்க வைக்கறோம். அதனால கிளாஸ்ல என்ன நடக்குது, சாப்பாட்டு மேஜைல என்ன நடக்குதுன்னு ரெண்டும் பாத்திருக்கேன். ரெண்டுல எங்க மொழி வருதுன்னு கேட்டா, மேஜைலதான் வருது, கிளாஸ் அதுக்கு முட்டு குடுக்கும் அவ்ளோதான்.

மொதல்ல ஒன்னு புரிஞ்சுக்கணும், உங்க தேதி ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் பாதி. இந்த நேரத்துல பிரான்ஸே இடம் மாறி உக்காந்திருக்கும். ஜூலைல லீவு எடுக்கறவங்களுக்கு ஜுய்யெத்தீஸ்த்னு பேரு, ஆகஸ்ட்ல எடுக்கறவங்களுக்கு ஆவுசியேன்னு பேரு, ஜூலை முடிஞ்சு ஆகஸ்ட் பொறக்கற அந்த சனி ஞாயிறுல ஒரு கூட்டம் திரும்பி வரும் இன்னொரு கூட்டம் கிளம்பும், ரோட்ல வண்டி நகராது, அதுக்கு ஷாசே க்ருவாசேன்னே ஒரு சொல் இருக்கு. உள்நாட்டு ஊருங்கள்ல ஆகஸ்ட் முதல் வாரம் நடந்து பாத்தீங்கன்னா, பேக்கரி கதவுல கையால எழுதின சீட்டு, இந்த தேதி வரைக்கும் லீவுன்னு, பக்கத்து முடி வெட்ற கடைலயும் அதே சீட்டு, யூனிவர்சிட்டி பூட்டி கெடக்கும், பசங்க யாரும் ஊர்ல இல்ல. ஆங்கிலத்துல எழுதின கைடு புத்தகம் எதுவும் இத உங்களுக்கு அழுத்தி சொல்லாது. உங்க பொண்ணு பேச வேண்டியது அவ வயசு பிரெஞ்சு பசங்க கூட, அந்த பசங்க ஆகஸ்ட்ல எங்க இருக்காங்களோ அங்கதான் அவளும் இருக்கணும். அவங்க இருக்கறது கடற்கரைல, அதுலயும் பிரெஞ்சு குடும்பங்க போற கடற்கரைல.

இப்ப நீங்க சொன்ன ஊருக்கு வர்றேன்.

நீஸ் அழகு, அத மறுக்க முடியாது. ஆனா கோடைல அங்க மொழி கத்துக்க வர்றது பூரா இத்தாலி பசங்க, ஜெர்மன் பசங்க, ஸ்வீடன் பசங்க, நம்ம லண்டன் பசங்க. காலைல கிளாஸ்ல பிரெஞ்சு, பன்னெண்டரைக்கு கிளாஸ் முடிஞ்சு வாசப்படிய தாண்டினதும் இங்கிலீஷ். கடைல போய் தட்டு தடுமாறி பிரெஞ்சுல கேட்டா கடைக்காரர் இங்கிலீஷ்ல பதில் சொல்லிடுவார், அவர் மேல தப்பு இல்ல, பின்னாடி பத்து பேர் நிக்கறாங்க. நீஸுக்கு பக்கத்துல ஆன்தீப், கான் பக்கம் டீனேஜ் பசங்களுக்குன்னே கேம்பஸ் வச்சு நடத்தறாங்க, நீச்சல் குளம், டிஸ்கோ, எல்லாம் உண்டு, பசங்க சந்தோஷமா திரும்பி வருவாங்க, ஃப்ரெண்ட்ஸ் நாலு தேசத்துல கெடைப்பாங்க, பிரெஞ்சு மட்டும் போன மாதிரியே இருக்கும். கேம்பஸுக்குள்ள எல்லாருக்கும் பொது மொழி இங்கிலீஷ், உங்க பொண்ணுக்கு அது தாய்மொழி மாதிரி, மத்த பசங்க அவகிட்ட இங்கிலீஷ் பழக வந்து உக்காருவாங்க. இது நடக்கும்னு இல்ல, நடந்தே தீரும்.

மான்பெலியே நீஸ விட பரவால்ல, ஸ்டூடண்ட் ஊரு, டிராம் இருக்கு, கடல் கிட்டக்க. ஆனா வெயில் பொசுக்கும், உள்ளூர் ஸ்டூடண்ட்ஸ் ஆகஸ்ட்ல இருக்க மாட்டாங்க, மொழி ஸ்கூல்கள் நெறைய இருக்கறதால நீஸ் கதையே பாதி இங்கயும் ஓடும். அக்டோபர்ல போற இருபது வயசு பொண்ணுக்குன்னா நானே மான்பெலியேன்னு சொல்லியிருப்பேன்.

தூர் பத்தி எல்லாரும் ஒன்னு சொல்லுவாங்க, அங்கதான் சுத்தமான பிரெஞ்சு பேசறாங்கன்னு. பதினஞ்சாம் பதினாறாம் நூற்றாண்டுல ராஜாக்கள் லுவார் ஆத்தங்கரை கோட்டைங்கள்ல தங்கினாங்க, அதுல இருந்து ஒட்டிக்கிட்ட பேர் அது. ஆஞ்சேவும் அதே ஆத்துப்பக்கம்தான், எங்களயும் அப்படியே சொல்லுவாங்க. கேக்க தெளிவா இருக்கும், புரியும், அவ்ளோதான் விஷயம், இன்னைக்கு டிவி ரேடியோ பிரெஞ்சு எங்கயும் அதேதான். தெக்க போனா கொஞ்சம் வித்தியாசம் கேக்கும், 'பேன்'ங்கற ரொட்டி 'பெங்' மாதிரி விழும், முடிவுல முழுங்கற உயிரெழுத்த அவங்க முழுசா சொல்லுவாங்க, சொல்லப்போனா ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு அது காதுக்கு சுலபமாவே இருக்கும். அதனால உச்சரிப்ப வச்சு ஊர் தேடாதீங்க. தூர்ல மொழி ஸ்கூலுக்கு பஞ்சம் இல்ல, இன்ஸ்தித்யூ து தூரேன் 1912ல இருந்து இருக்கு, நல்ல பேர். ஆத்தங்கரைல கோடைக்குன்னு போடற கேங்கெத்ங்கற திறந்தவெளி சாப்பாட்டு கடை இருக்கும், சாயங்காலம் ஜனங்க வந்து உக்காருவாங்க, பாட்டு இருக்கும். ஜூலை முதல் ரெண்டு வாரம்னா தூருக்கு கண்ண மூடிக்கிட்டு சரின்னு சொல்லியிருப்பேன். ஆகஸ்ட்டுக்கு வேணாம், அதே காரணத்துக்காக எங்க ஆஞ்சேவும் வேணாம், எங்க தெருவுல ஆகஸ்ட் பத்தாம் தேதி எண்ணி பாத்தா நாலு வீட்லதான் ஜன்னல் தொறந்திருக்கும்.

மத்த ஊர சட்டுனு சொல்லிடறேன். அன்சி ஏரி பிரமாதம், விலை அதிகம், கூட்டம் ரொம்ப. பெசான்சோன்ல யூனிவர்சிட்டியோட மொழி மையம் 1958ல இருந்து இருக்கு, விஷில கவிலாம் 1964ல இருந்து, பாடம் சொல்லி குடுக்கறதுல ரெண்டும் கெட்டி, ஆனா 16 வயசுக்கு சாயங்காலம் ஆனா விஷில போரடிக்கும், வயசானவங்க வெந்நீர் ஊத்துக்கு வைத்தியத்துக்கு வர்ற ஊரு அது. ரென் ஸ்டூடண்ட்ஸ் ஊரு, ஆகஸ்ட்ல காலி. பியாரிட்ஸ்ல அலை ஏற வர்ற வெளிநாட்டுக்காரங்க அதிகம்.

நான் சொல்ல வர்ற ஊரு லா ரோஷெல்.

அட்லாண்டிக் கரை, ஜனத்தொகை எண்பதாயிரத்த ஒட்டி, பாரிஸ் மோன்பர்னாஸ்ல இருந்து தெஜெவேங்கற அதிவேக ரயில்ல சுமார் மூணு மணி நேரம். ஆகஸ்ட்ல கூட்டம் இருக்கும், ஆனா வர்றதுல பெரும்பாலும் பிரெஞ்சு குடும்பங்க, பாரிஸ், லியோன், துலூஸ் பக்கத்துல இருந்து பிள்ளைங்களோட வந்து வாரக்கணக்குல தங்கறவங்க. கடைல பிரெஞ்சுல கேட்டா பிரெஞ்சுல பதில் வரும். ஊரு சின்னது, சைக்கிள்ல சுத்திடலாம், 1976லயே மிஷெல் க்ரேப்போங்கற மேயர் மஞ்ச கலர் சைக்கிள விட்டு யார் வேணா எடுத்து ஓட்டலாம்னு வச்ச ஊரு அது, சைக்கிள் பாதை எல்லா பக்கமும் உண்டு. பழைய துறைமுகத்துல இருந்து மினீம் பீச்சுக்கு படகு, எதிர்கரைக்கு போக சின்ன படகு. 16 வயசு பொண்ணு தனியா போய் தனியா வர்றதுக்கு பயப்பட வேண்டாத ஊரு, இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஒவ்வொரு தடவையும் யாராவது கூட்டிட்டு போகணும்னா அவ பேசறதுக்கு பதிலா அவங்க பேசிடுவாங்க.

இல் து ரே தீவுக்கு 1988ல பாலம் போட்டாங்க, பாலத்து மேல சைக்கிள் பாதை இருக்கு, ஊர்ல இருந்து சைக்கிள்லயே போயிடலாம், எதிர்காத்து அடிச்சா கால் வலிக்கும். அந்த தீவு உப்பள தீவு, உப்பு வாரறவங்க இன்னைக்கும் இருக்காங்க, நின்னு கேட்டா நின்னு சொல்லுவாங்க. தெக்கு பக்கம் ஃபூராஸ்ல இருந்து படகு ஏறினா இல் தேக்ஸ், கார் ஓடாத தீவு, நெப்போலியன் 1815 ஜூலைல பிரான்ஸ் மண்ணுல கடைசி நாட்கள கழிச்சது அங்கதான். வழில கடலுக்கு நடுவுல புவாயார் கோட்டை தெரியும், 1990ல இருந்து டிவில போட்டி நிகழ்ச்சி நடக்கற கோட்டை, பிரெஞ்சு பிள்ளைங்க எல்லாருக்கும் அத பத்தி ஒரு கதை இருக்கும், பேச்சு ஆரம்பிக்க அது ஒன்னு போதும்.

இன்னொரு காரணமும் இருக்கு, உங்க பொண்ணுக்குன்னே யோசிச்சது. ஏ லெவல்ல ஒரு தலைப்ப தானே தேர்ந்தெடுத்து ஆராய்ஞ்சு ஓரல்ல அத பத்தி பேசணும் இல்லையா, அந்த தலைப்ப இன்டர்நெட்ல தேடி எடுக்கற பசங்கதான் நெறைய, எடுத்தத மனப்பாடம் பண்ணிட்டு போவாங்க, எக்ஸாமினர் குறுக்க ஒரு கேள்வி கேட்டா நின்னுடுவாங்க. லா ரோஷெல்ல தலைப்பு தெருவுல கெடக்கு. அடிமை வியாபாரத்துல பெரும்பங்கு எடுத்த துறைமுகம் அது, ஃப்ளோரியோ குடும்பத்து மாளிகைலதான் 1982ல இருந்து மியூசே து நூவோ மோந்து இருக்கு, அந்த குடும்பத்துக்கு இப்போதைய ஹைட்டில கரும்பு தோட்டம் இருந்துச்சு. உள்ள போய் ஒரு மணி நேரம் பாத்துட்டு, அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரங்ககிட்ட, இந்த மாளிகைய பத்தி உங்க ஸ்கூல்ல சொல்லி குடுத்தாங்களான்னு கேக்கட்டும். அந்த வீட்டு தாத்தா ஒரு பதில் சொல்லுவார், பிள்ளைங்க வேற பதில் சொல்லுவாங்க, அந்த சண்டைய உக்காந்து கேட்டா போதும், எந்த வெப்சைட்லயும் கெடைக்காத விஷயம் கைல வந்துடும். அது வேணாம்னா மஞ்ச சைக்கிள், அதுவும் வேணாம்னா ஊரோட துறைமுக பகுதியான லா பாலிஸ்ல ஜெர்மன்காரன் கட்டின நீர்மூழ்கி தளம், போர்ல இந்த ஊரு 1945 மே வரைக்கும் விடுதலை ஆகல, பாட்டிங்ககிட்ட கேட்டா அவங்க அம்மா சொன்ன கதை வரும்.

சரி, மூணு வாரமும் லா ரோஷெல்லயேவான்னா, முதல் வாரத்த வேற மாதிரி வைக்கலாம்னு தோணுது. இங்க கொலோனி து வாகான்ஸ்னு ஒன்னு இருக்கு, சுருக்கமா கொலோ. பிரெஞ்சு பிள்ளைங்களுக்கான லீவு கேம்ப், பிரெஞ்சுக்காரங்க பாதி பேர்கிட்ட கேட்டா சின்ன வயசுல கொலோ போன கதை சொல்லுவாங்க. மொழி சொல்லி குடுக்கறதுக்காக நடத்தறது இல்ல அது, அதனாலதான் மொழி வருது. அரசாங்கத்துல பதிவு பண்ணியிருக்கணும், ஆறு வயசுக்கு மேல 12 பிள்ளைங்களுக்கு ஒரு அனிமத்தர், அதாவது பிள்ளைங்கள பாத்துக்கறவர் இருக்கணும்னு சட்டம், அவங்கள்ல பாதி பேராவது பாஃபாங்கற ட்ரெய்னிங் முடிச்சவங்களா இருக்கணும். ஊசேபேஆன்னு விளையாட்டு கேம்ப் நடத்தற பெரிய சங்கம் இருக்கு. வடமேற்கு பிரான்ஸோட பிரெத்தான் கரைல பாய்மர படகு ஓட்ட கத்துக்கணும்னா லே க்ளேனான், போர் முடிஞ்ச கையோட 1947ல, நாஜிங்கள எதிர்த்து மறைவா போராடின ரெசிஸ்தான்ஸ்ல இருந்தவங்க ஆரம்பிச்ச ஸ்கூல், மோர்பிஆன் வளைகுடால ஆர்ஸ் தீவுல ஒரு இடம், க்ளேனான் தீவுங்கள்ல ஒரு இடம்னு இருக்கு, சொல்லி குடுக்கறவங்க பெரும்பாலும் சம்பளம் வாங்காம வர்றவங்க, சமைக்கறது பாத்திரம் கழுவறது எல்லாம் பசங்களே முறை போட்டு செய்யணும். படகுல கயிற இழுன்னு ஒருத்தன் கத்தும்போது இலக்கணம் யோசிக்க நேரம் இருக்காது, கை ஓடும், வாயும் கூடவே ஓடும்.

ஆனா கண்டிஷன் இருக்கு. லெவல் கிட்டத்தட்ட பே அன், அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோல்ல நடுத்தரமான பி1க்கு பக்கத்துல இருக்கணும், ஜிசிஎஸ்இல நல்ல கிரேடுன்னா அதுக்கு கொஞ்சம் கீழதான் இருக்கும், முதல் ரெண்டு நாள் எதுவுமே புரியாது, ஏன்னா 'எனக்கு தெரியாது'ன்னு அவ படிச்ச 'ஜெ ந செ பா' அங்க 'ஷே பா'ன்னு ஒரே மூச்சுல போகும், 'நாங்க'ங்கற 'நூ'வ யாரும் சொல்ல மாட்டாங்க எல்லாம் 'ஓன்'தான், நாலு வாக்கியத்துக்கு ஒருதரம் 'அதனால'ங்கற 'து கூ' வரும், அவ இதெல்லாம் முன்னாடியே கேட்டு வச்சிருந்தா நல்லது. கூச்ச சுபாவம், புது ஆளுங்க நடுவுல உடைஞ்சு போயிடுவான்னா கொலோ வேணாம், நேரா வீட்டுக்கு போகட்டும், உங்க பொண்ண உங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் படகு, கயாக் மாதிரி தண்ணி விளையாட்டுக்கு நீச்சல் சர்டிஃபிகேட் கேப்பாங்க, நீச்சல் கோச்சோ லைஃப்கார்டோ கையெழுத்து போட்டது, அத ஜூன்லயே வாங்கிடுங்க. தடுப்பூசி விவரத்தோட ஒரு ஹெல்த் ஃபார்மும் நிரப்பணும்.

இப்ப வீடு. ஊர விட இதுக்கு ரெண்டு மடங்கு யோசிங்க. லா ரோஷெல் போய் தப்பான வீடு கெடைச்சா நீஸ் போனதுக்கு சமம், நீஸ்லயே நல்ல வீடு அமைஞ்சுட்டா நான் மேல சொன்னதெல்லாம் பாதி பொய்யாயிடும். ஸ்டூடண்ட்ஸ தங்க வைக்கறதுல எங்கள மாதிரி குடும்பங்க ரெண்டு வகை. கூட உக்காந்து சாப்பிடறவங்க ஒரு வகை, தட்டுல மூடி வச்சுட்டு மைக்ரோவேவ காட்டிட்டு போறவங்க இன்னொரு வகை. அவங்களும் கெட்டவங்க இல்ல, வாடகை வேணும், வேலைக்கு போகணும், அவ்ளோதான், ஆனா உங்க காசு வீண். அதனால புக் பண்றதுக்கு முன்னாடி ஸ்கூல்ல கேளுங்க, எழுத்துலயே கேளுங்க: அந்த மூணு வாரமும் குடும்பம் ஊர்ல இருக்கா, ராத்திரி சாப்பாட்ட சேர்ந்து சாப்பிடுவாங்களா, வீட்ல பிள்ளைங்க இருக்காங்களா, என்ன வயசு, அதே நேரத்துல வேற எத்தன ஸ்டூடண்ட்ஸ் அந்த வீட்ல. கடைசி கேள்வி உயிர் கேள்வி. இன்னொரு இங்கிலீஷ் பேசற பொண்ணு அதே வீட்ல வேணவே வேணாம், முடிஞ்சா ஒரே ஆளா வைங்கன்னு சொல்லுங்க. துணைக்கு ஒரு லண்டன் ஃப்ரெண்ட சேத்து அனுப்பலாம்னு பல அம்மாங்க நெனப்பாங்க, மனசு எனக்கு புரியுது, அத மட்டும் செய்யாதீங்க.

எங்க வீட்டுக்கு ஒரு வருஷம் ஒரு பையன் வந்தான், 15 வயசு, நாலு நாள் வாயே தொறக்கல. 'வி', 'நோன்', 'மெர்சி', அப்புறம் ரூம் கதவு. நானும் வீட்டுக்காரரும் கேள்வி மேல கேள்வி கேட்டு பாத்தோம், கேக்க கேக்க அவன் சுருங்கிட்டே போனான். அஞ்சாவது நாள் எங்க மாமியார் தோட்டத்துல இருந்து மொஜெத் கொண்டு வந்தாங்க, இந்த பக்கத்து வெள்ள பீன்ஸ், ஆகஸ்ட்ல பாதி காஞ்ச பதத்துல பறிச்சு உரிப்பாங்க, நம்ம ஊர்ல மார்கழில மொச்ச உரிக்கற மாதிரி ஒரு வேலை. ஒரு கூடைய அவன் மடில வச்சுட்டு அவங்க பாட்டுக்கு உரிச்சுக்கிட்டு அக்கம்பக்கத்து கதை சொல்ல ஆரம்பிச்சாங்க, அவன பாத்து எதுவும் கேக்கல. ஒரு மணி நேரம் கழிச்சு அவன் தன்னால அவனோட பாட்டிய பத்தி சொல்றான், தப்பும் தவறுமா, இறந்தகாலம் எல்லாம் ஒடைஞ்சு, ஆனா நிக்காம. கைக்கு வேலை இருந்தா வாய்க்கு பயம் போயிடுதுன்னு அன்னைக்குத்தான் நான் கத்துக்கிட்டேன், பத்து வருஷம் கிளாஸ் எடுத்தும் அது வரைக்கும் எனக்கு அது தெரியல. அதனால உங்க பொண்ணுகிட்ட சொல்லி அனுப்புங்க, மேஜைய வைக்கட்டும், மார்க்கெட்டுக்கு கூட போகட்டும், லா ரோஷெல்ல தினம் காலைல மார்க்கெட் உண்டு, ஒரு நாள் அவளே தோசையோ உப்புமாவோ பண்ணி போடட்டும், ரவைய 'செமூல்'னு கேட்டா எந்த கடைலயும் கெடைக்கும், அத எப்படி பண்றதுன்னு விளக்கறதே ஒரு ஓரல் பரீட்சை.

சாப்பாடு பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். நீங்க சைவமா, மாட்டுக்கறி மட்டும் வேணாமா எதுன்னு எழுதல. எதுவா இருந்தாலும் ஃபார்ம்ல ஒத்த வார்த்தை எழுதிட்டு விட்டுடாதீங்க. வெஜிடேரியன்னு எழுதினா மீன் வைக்கற வீடு இன்னும் இருக்கு, லார்தோன்னு சின்னதா நறுக்கின பன்றிக்கறி துண்டு, அத கறின்னே கணக்குல சேக்க மாட்டாங்க, சாலட்ல, கீஷ்ல, பாஸ்தால எல்லாத்துலயும் விழும். கொலோல ஸ்தேக் ஆஷேன்னு வர்றது மாட்டுக்கறி. என்ன சாப்பிட மாட்டா, முட்டை சீஸ் சாப்பிடுவாளான்னு வரிசையா எழுதி குடுங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

கிளாஸ் வேணுமான்னா வேணும், ஆனா கொஞ்சமா. வாரத்துக்கு 15, 20 பாடம், காலைல மட்டும் போதும், மதியமும் கிளாஸ் வைக்கற இன்டென்சிவ் அவளுக்கு வேணாம், வெளில போற நேரத்த அது தின்னுடும். ஸ்கூல் எடுக்கும்போது காலித்தே எஃப்எல்இ முத்திரை இருக்கான்னு பாருங்க, அரசாங்கம் நேர்ல வந்து பரிசோதிச்சு குடுக்கறது, பாடம், இடம், வரவேற்புன்னு தனித்தனியா நட்சத்திரம் இருக்கும். 18 வயசுக்கு கீழ இருக்கறவங்கள தனியா ஏத்துக்கறாங்களான்னும், பெரியவங்க கிளாஸ்ல உக்கார வைக்கலாமான்னும் கேளுங்க. பெரியவங்க கூட உக்காந்தா சில நேரம் நல்லதே, நாப்பது வயசு ஜெர்மன் நர்ஸ்கிட்ட இங்கிலீஷ்ல வம்பளக்க அவளுக்கு தோணாது.

இப்ப அண்ணன் வீடு. நீங்க தயங்கி தயங்கி கேட்டிருக்கீங்க, ஆனா அதுல விஷயம் இருக்கு. மூணு வாரமும் அங்க விட்டா அத்தை மாமா தமிழ்ல பேசுவாங்க, செல்லம் குடுப்பாங்க, பாரிஸ்ல தமிழ் கடைங்க இருக்கற லா ஷாபெல்ல போய் புட்டும் கொத்து ரொட்டியும் வாங்கி குடுப்பாங்க, பிரெஞ்சு வாசப்படிக்கு வெளில நிக்கும். ஆனா அங்க பொறந்து வளந்த பிள்ளைங்க இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்களே, அவங்க ஒருத்தருக்கொருத்தர் எந்த மொழில பேசிக்கறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? பிரெஞ்சுலதான். அம்மா கேட்டா தமிழ்ல ஒரு வார்த்தை, திரும்பினதும் பிரெஞ்சு. அந்த பிரெஞ்சு எந்த ஸ்கூல்லயும் சொல்லி குடுக்காத பிரெஞ்சு, பொண்ணுங்கற 'ஃபாம்' 'மெஃப்' ஆகும், பைத்தியம்ங்கற 'ஃபூ' 'ஊஃப்' ஆகும், சொல்ல திருப்பி போட்டு பேசற வெர்லான். அத முதல் வாரமே கேட்டா தல சுத்தும், மூணாவது வாரக் கடைசில கேட்டா பாதிக்கு மேல புரியும், அப்ப அவளுக்கு வர்ற தைரியம் இருக்கே, அது வேற எதுலயும் வராது. அதனால அண்ணன் வீட்ட கடைசி நாலு நாளைக்கு வைங்க. போறதுக்கு முன்னாடி அந்த பிள்ளைங்ககிட்ட தனியா பேசி, அவகிட்ட இங்கிலீஷ் பேசாதீங்க கண்ணுங்களான்னு கேட்டுக்கோங்க, ஏன்னா அவங்களும் அவகிட்ட இங்கிலீஷ் பழகத்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க. அவ வயசுல ஒரு மச்சாளோ மச்சானோ இருந்தா, கொலோவுக்கே ரெண்டு பேரையும் சேத்து அனுப்ப முடியுமான்னு அண்ணன கேளுங்க. லண்டன் ஃப்ரெண்டு வேணாம்னு சொன்ன நானே இத சொல்றேன், ஏன்னா அங்க துணையும் பிரெஞ்சுலயே பேசும்.

போக்குவரத்து சுலபம். லண்டன்ல இருந்து யூரோஸ்டார் ரயில்ல பாரிஸ் கார் து நார் ஸ்டேஷன், அங்க இருந்து மெட்ரோ நாலாம் நம்பர், மாறாம மோன்பர்னாஸ், அங்க தெஜெவே. பாரிஸ்ல மட்டும் அண்ணனோ அண்ணியோ வந்து ஒரு ஸ்டேஷன்ல இருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போகட்டும், ஜூலை கடைசி சனிக்கிழமை மோன்பர்னாஸ் எப்படி இருக்கும்னா திருவிழா கூட்டம்தான். சனி ஞாயிற விட்டு செவ்வாய், புதன்ல பயணம் வச்சா டிக்கெட்டும் கம்மி, தலவலியும் கம்மி, ஆனா வீடுங்க சனி ஞாயிறுலதான் ஆள் மாத்துவாங்க, அத ஸ்கூல்ல பேசிக்கோங்க. 12ல இருந்து 27 வயசு வரைக்கும் கார்த் அவான்தாஜ் ழன்ங்கற ரயில் தள்ளுபடி கார்டு 49 யூரோ, டிக்கெட்ல 30 சதவீதம் குறையும், போக வர எடுத்தாலே காசு திரும்பிடலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுன்னா குடுத்த தேதி பத்து வருஷத்துக்குள்ள இருக்கணும், திரும்பற நாளுக்கு அப்புறம் மூணு மாசம் செல்லணும். பெத்தவங்க ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட அனுமதி கடிதம், தங்கற வீட்டு விலாசம் போன் நம்பரோட, ஒரு காப்பி பைல, ஒரு காப்பி போன்ல. ஸ்கூல் ஃபார்ம்ல ராத்திரி எத்தன மணி வரைக்கும் வெளில இருக்கலாம்னு ஒரு கட்டம் வரும், காலியா விடாதீங்க. கோடைல பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவ வயசு பசங்க பேசி சிரிக்கறது சாப்பாடு முடிஞ்சு ஒன்பதுக்கு மேலதான், ஏழு மணின்னு எழுதிட்டீங்கன்னா அத பூரா இழந்துடுவா. பத்தரை நியாயமா இருக்கும்.

கடைசியா உங்களுக்கு ஒன்னு, பொண்ணுக்கு இல்ல. மூணாவது நாலாவது நாள் ராத்திரி அழுதுக்கிட்டு கூப்பிடுவா, எல்லாரும் கூப்பிடுவாங்க, தல வலிக்குது ஒன்னும் புரியல வீட்டுக்கு வரணும்னு. நாள் பூரா வேற மொழி கேட்டா மூளை களைச்சு போகும், அது காய்ச்சல் மாதிரி வந்து போற ஒன்னு, எட்டாவது நாளுக்குள்ள தெளிஞ்சுடும். அன்னைக்கு ராத்திரி டிக்கெட் மாத்தாதீங்க. யாராவது அவள சரியா நடத்தலன்னா, பயமா இருக்குன்னா, அது வேற கதை, அன்னைக்கே ஸ்கூலுக்கு போன் போடுங்க. வெறும் களைப்புன்னா கேட்டுக்கோங்க, தூங்க சொல்லுங்க. மத்தபடி ரெண்டு நாளைக்கு ஒரு தடவ இருபது நிமிஷம் போதும், அதுவும் அவ கூப்பிடட்டும்.

லா ரோஷெல்ல நல்ல வீடுங்க வசந்தம் முடியறதுக்குள்ள நெறஞ்சுடும், அதனால இந்த வாரமே ரெண்டு மூணு ஸ்கூலுக்கு எழுதிடுங்க. வீடு முடிவானதும் அந்த குடும்பத்துக்கு பொண்ணே ஒரு லெட்டர் எழுதட்டும், தான் யாரு, என்ன பிடிக்கும், வீட்ல யார் யார் இருக்காங்க, என்ன சமைக்க தெரியும்னு. டிரான்ஸ்லேட் ஆப்ல போட்டு பளபளன்னு ஆக்காம, அவளோட பிரெஞ்சுலயே, தப்போட. எங்க வீட்டுக்கு அப்படி வந்த லெட்டர்ங்கள நான் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வைப்பேன், பிள்ளை வந்து எறங்கறதுக்கு முன்னாடியே எங்க வீட்ல எல்லாருக்கும் அதோட பேர் தெரிஞ்சிருக்கும்.